இரண்டு பாஸ் பின்னால்

கூடைப்பந்தில் தவறு தொடங்கும் இடம் ஒன்று, அது கண்ணில் படும் இடம் இன்னொன்று. எதிரணிப் பெண் ரிங்குக்குக் கீழே தன்னந்தனியாக லே-அப் போட்டுவிட்டால் கேலரியில் இருப்பவர்கள் எல்லோரும் பக்கத்தில் நிற்கும் நம் சென்டரைத்தான் பார்ப்பார்கள். பெஞ்சில் இருப்பவர்களும் அவளைத்தான் பார்ப்பார்கள். அவள் அங்கே ஓடி வந்ததே வேறு யாரோ விட்ட இடைவெளியை அடைக்கத்தான் என்பது யாருக்கும் தெரியாது. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், அதற்குள் பத்துப் பேர். பந்து கைமாறுவதோ கண்ணிமைக்கும் நேரத்தில். பயிற்சியாளரின் கண்ணும் பந்தோடுதான் ஓடும். பள்ளிப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்துவரும் எனக்கு ஆட்ட வீடியோவால் கிடைத்த பெரிய லாபம் ஒன்றே ஒன்று. தவறு தெரிந்த நொடியிலிருந்து அது தொடங்கிய நொடிக்குப் பின்னோக்கிப் போக முடிகிறது.

ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன். மண்டல அளவிலான போட்டி, மூன்றாவது குவார்ட்டர். மேலே சொன்ன மாதிரி ஒரு லே-அப் எங்கள் மேல் விழுந்தது. மறுநாள் அந்தக் காட்சியைப் போட்டதுமே சென்டர் மாணவி, "சாரி சார், லேட்டா வந்துட்டேன்" என்றாள்.

"எங்கேயிருந்து வந்தேம்மா?"

"மேலேருந்து சார். என் ஆளு ஹை போஸ்ட்ல நின்னா."

அவள் சொன்னது சரிதான். ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் நிற்கிறவள் பேஸ்லைன் வழியாக வரும் டிரைவைத் தடுக்க முதல் ஆளாக வர முடியாது. வீக் சைடில் கீழே நிற்கிற ஃபார்வர்டுதான் முதல் ஹெல்ப். வீடியோவை மூன்று நொடி பின்னால் தள்ளினேன். ஃபார்வர்டு இடது கார்னரில் ஓர் ஆட்டக்காரியை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரு கால்கூடப் பெயின்ட்டுக்குள் இல்லை. "ஏன்மா அங்கேயே நின்னே?" என்று கேட்டேன்.

"அவ என் ஆளே இல்ல சார். அவங்க டீம் ஷூட்டர். கார்டு அக்கா பிடிக்க வேண்டிய ஆளு. தனியா நின்னா, அதான் நான் போனேன். விட்டா போட்டுடுவான்னு பயம்."

அதுவும் சரி. இன்னும் பின்னால் போனேன். ஷூட்டரை ஃபார்வர்டு எடுத்துக்கொண்டதால், ஃபார்வர்டின் ஆள் வலது விங்கில் சும்மா நிற்கிறாள். பந்து அவளிடம் போகிறது. எங்கள் கார்டு அரைக்கோட்டைத் தாண்டி அப்போதுதான் ஓடி வருகிறாள். முழு வேகத்தில் வந்தவளால் நிற்க முடியவில்லை. க்ளோஸ் அவுட் என்ற பெயரில் எதிராளியைத் தாண்டியே போய்விட்டாள். அதில்தான் அந்த பேஸ்லைன் டிரைவ் கிடைத்தது. சரி, கார்டு ஏன் அவ்வளவு தாமதம்? இன்னும் ஒரு தள்ளு பின்னால். இப்போது பந்து எங்களிடம் இருக்கிறது. வலது கார்னரிலிருந்து எங்கள் பெண் ஒருத்தி ஷாட் எடுக்கிறாள். பந்து காற்றில் இருக்கும்போது படத்தை நிறுத்தினேன். எங்கள் ஐந்து பேரும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கீழே. பின்னால் ஒருத்திகூட இல்லை.

வகுப்பறையில் யாரும் பேசவில்லை. கார்டு மாணவி தானே சொன்னாள்: "நான் பந்தையே பார்த்துட்டு நிக்கிறேன் சார்."

அந்த ஷாட்டுக்கும் எங்கள் மேல் விழுந்த லே-அப்புக்கும் நடுவில் பத்து நொடிகூட இல்லை. ஆனால் தவறு தொடங்கியது நம் ரிங்குக்கு அடியில் அல்ல, எதிர் முனையில். லே-அப்பை மட்டும் பார்த்திருந்தால் அந்த வாரம் முழுக்க சென்டரை ஹெல்ப் டிரில் செய்ய வைத்திருப்போம். க்ளோஸ் அவுட்டை மட்டும் பார்த்திருந்தால் கார்டைக் கால் வேலையில் போட்டு வதைத்திருப்போம். உண்மையில் பழக வேண்டியது வேறொன்று. ஷாட் கையை விட்டதும் யார் யார் ரீபவுண்டுக்குப் போவது, யார் யார் பின்னால் ஓடுவது என்கிற கணக்கு. அதையே பழகினோம்.

இதை வைத்து எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஒரு கூடை விழுந்தால் அந்த நொடியில் வீடியோவை நிறுத்தாதீர்கள். குறைந்தது இரண்டு பாஸ் பின்னால் போங்கள். அங்கேயும் காரணம் கிடைக்காவிட்டால் பந்து கைமாறிய இடம்வரை போங்கள். பந்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு தடவை பாருங்கள். பந்து இல்லாத ஒன்பது பேரும் அப்போதுதான் கண்ணில் படுவார்கள்.

இப்படிப் பார்க்க வேண்டுமென்றால் வீடியோவையும் அதற்கேற்ப எடுத்திருக்க வேண்டும். பெற்றோர் எடுத்துத் தரும் வீடியோக்கள் பாசத்தோடு எடுத்தவை, ஆனால் பாடத்துக்கு உதவாது. தங்கள் பிள்ளையைப் பெரிதாக்கி, பந்து போகிற பக்கமெல்லாம் போனைத் திருப்பி எடுத்திருப்பார்கள். கேமரா உயரத்தில் இருக்க வேண்டும், நடுக்கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும், பத்துப் பேரும் எப்போதும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைக் கேலரியின் மேல்படியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தரையோரம் நின்று பார்த்தால் கால்களும் தோள்களும்தான் தெரியும். மேலேயிருந்து பார்த்தால் இடைவெளிகள் தெரியும். ஆட்டமே அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.

நம் பள்ளிகளில் இதற்குத் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான பள்ளிகளில் கோர்ட்டைப் பார்த்தபடி மாடி வராண்டா இருக்கும். அதன் கம்பியில் ஒரு கிளாம்ப் வைத்து போனை மாட்டினால் போதும். இப்போது வரும் சாதாரண போன்களிலேயே அகலக் கோண லென்ஸ் இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க அடங்கவில்லையென்றால் மெதுவாகத் திருப்ப ஒரு மாணவியை நிறுத்தலாம். ஆனால் பெரிதாக்கவே கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கடைசிக் குவார்ட்டரில் யாராவது கூப்பிட்டுப் பதிவு நின்றுபோனால் அந்த வருத்தம் பெரிது. நாற்பது நிமிட ஆட்டம் டைம் அவுட், இடைவேளை எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஓடும். 1080 தரத்தில் எடுத்தால் போனைப் பொறுத்து ஐந்து ஜிபியிலிருந்து பத்து ஜிபிக்கு மேலும் இடம் பிடிக்கும். முந்தின நாளே போனைக் காலி செய்து வையுங்கள். ஒவ்வொரு குவார்ட்டர் தொடங்கும்போதும் ஸ்கோர்போர்டை ஒருமுறை படம் பிடித்துவிட்டால், பிறகு குறிப்பேட்டில் உள்ள நேரத்தையும் வீடியோ நேரத்தையும் பொருத்துவது எளிது.

விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக ஓடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய ஃப்ளட் லைட்டுகள் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை மினுக்கும். போன் நொடிக்கு 30 அல்லது 60 படம் எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அமைப்புகளில் 50 ஹெர்ட்ஸ் என்றோ, நொடிக்கு 25 படம் என்றோ தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். ஷட்டரைக் கையால் மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/100 வையுங்கள். ஷூட்டிங்கை ஸ்லோ மோஷனில் எடுப்பதாக இருந்தால் காலைப் பயிற்சியில், சூரிய வெளிச்சத்தில் எடுங்கள்.

எடுத்ததை எல்லாம் காட்டக் கூடாது. ஆட்டம் முழுவதையும் அணியை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் கூடைகளைப் பார்த்துச் சிரிப்பார்கள், மற்றவர்களைக் கேலி செய்வார்கள், அரை மணி நேரத்தில் கண் சொருகும். முழு ஆட்டத்தைப் பார்ப்பது பயிற்சியாளரின் வேலை. அணிக்கு எட்டுப் பத்து துண்டுகள், பதினைந்து நிமிடத்துக்குள், ஒரே ஒரு பொருள் குறித்து. இந்த வாரம் ஷாட்டுக்குப் பின் திரும்பி ஓடுவது என்றால் அது மட்டும்தான். நடுவில் ஒரு மோசமான டிரிபிள் கண்ணில் பட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது.

துண்டுகளைத் தேடுவது பெரிய வேலை. அதைக் குறைக்க ஆட்டத்தின்போதே குறித்துக்கொள்வது நல்லது. அடிபட்டு ஆட முடியாமல் இருக்கும் மாணவியிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். குவார்ட்டர், கடிகாரத்தில் மீதி நேரம், ஒரு சொல். "2 – 4:10 – ஹெல்ப்", "3 – 7:32 – திரும்பல." இவ்வளவுதான். அந்த மாணவிக்கும் இது பெரிய பயிற்சி. ஆடாத நாட்களில் இந்த நோட்டை எழுதிய பெண்கள் திரும்ப வந்து ஆடும்போது முன்பைவிடத் தலை நிமிர்ந்து, நாலாபக்கமும் பார்த்து ஆடுவதைக் கண்டிருக்கிறேன். கணினியில் பார்க்கப் பணம் கட்டி வாங்கும் மென்பொருள் எதுவும் தேவையில்லை. விஎல்சி போதும். விசைப்பலகையில் ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டத் தட்ட ஒவ்வொரு படமாக நகரும். கோணம் அளக்க, கோடு போட்டுப் பார்க்க கினோவியா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. துண்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாகுமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கிப் படத்தைக் கெடுத்துவிடும்.

இனி நான் முக்கியம் என்று நினைக்கும் ஒன்று. ஷாட் துண்டுகளைப் பந்து ரிங்கைத் தொடுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள்.

விழுந்த ஷாட் எல்லாம் நல்ல ஷாட், விழாதது எல்லாம் கெட்ட ஷாட் என்றுதான் பிள்ளைகள் மனதில் பதிந்திருக்கிறது. பெரியவர்களுக்கும் அப்படித்தான். பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 1814-ல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய விவரத்தைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார். சிலரிடம் இன்னார் ஜெயித்தார் என்று முடிவையும் சேர்த்துச் சொன்னார். முடிவு தெரிந்தவர்கள், அது முன்கூட்டியே ஊகித்திருக்கக் கூடியதுதான் என்று நினைத்தார்கள். எந்த முடிவைச் சொன்னாலும் அப்படியே. ஆட்ட வீடியோவில் நாம் எல்லோரும் முடிவு தெரிந்தவர்கள். பாஸ் பறிபோனது தெரிந்த பிறகு "அங்கே ஆள் நிக்கிறா, தெரியலையா?" என்று கேட்பது சுலபம். அந்தப் பெண் நின்ற இடத்திலிருந்து, அந்த அரை நொடியில், அது தெரிந்ததா என்பதுதான் கேள்வி.

அதனால் பந்து கையை விடும் நொடியில் நிறுத்திவிட்டு அணியிடம் கேட்பேன். எடுக்கலாமா, கூடாதா? 24 நொடிக் கடிகாரத்தில் இன்னும் எத்தனை இருக்கிறது? ரீபவுண்டுக்கு யார் உள்ளே இருக்கிறார்கள்? பக்கத்தில் இதைவிட நல்ல இடத்தில் யாராவது நிற்கிறார்களா? முடிவு தெரியாததால் உண்மையாக யோசிக்கிறார்கள். சில சமயம் அணியே சேர்ந்து "நல்ல ஷாட்" என்று சொல்லும். அது விழாத ஷாட் என்று பிறகு தெரியவரும். அதை எடுத்த பெண்ணின் முகத்தில் அப்போது வருகிற தெளிவுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். அடுத்த ஆட்டத்திலும் அந்த ஷாட்டைத் தயங்காமல் எடுப்பாள். எடுக்கத்தான் வேண்டும். மாறாக, இரண்டு பேர் கையைத் தூக்கி நிற்க, கடிகாரத்தில் 17 நொடி மீதி இருக்க எடுத்து, எப்படியோ விழுந்துவிட்ட ஷாட்டையும் அணியே வேண்டாம் என்று சொல்லும். பயிற்சியாளர் நூறு முறை சொல்லியும் ஏறாதது அன்றைக்கு ஏறும்.

ஸ்லோ மோஷனிலும் கவனம் தேவை. 2016-ல் யூஜின் கருசோவும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஒரே காட்சியை மெதுவாகப் பார்த்தவர்கள் அதைச் செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று கூடுதலாக நம்புகிறார்கள் எனக் காட்டினார்கள். ஃபவுலை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், கையை எடுக்க அவளுக்கு நிறைய நேரம் இருந்த மாதிரித் தோன்றும். உண்மையில் இருந்திருக்காது. சோம்பேறித்தனம், கவனக்குறைவு என்று ஒரு பெண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் அந்தத் துண்டை இயல்பான வேகத்தில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஸ்லோ மோஷன் உடம்பின் அசைவைப் பார்க்கத்தான் நல்லது. ஃப்ரீ த்ரோ அதற்குப் பொருத்தம். தடுக்க ஆள் இல்லை, தூரமும் மாறாது. பக்கவாட்டில் தோள் உயரத்தில் ஒரு போன், பின்னால் நேராக இன்னொன்று. விழுந்த ஐந்தையும் விழாத ஐந்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், முழங்கை விலகுகிறதா, முழங்கால் மடங்குவது குறைகிறதா, விட்டபின் கை சீக்கிரம் இறங்கிவிடுகிறதா என்று அவளே சொல்லிவிடுவாள். ஒரு நாளில் ஒன்றைத்தான் திருத்த வேண்டும்.

காட்டுகிற வரிசைக்கு, யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்த ஜான் உடனைவிட நல்ல ஆசான் கிடைக்கமாட்டார். அவர் காட்டியது வீடியோ அல்ல, கோர்ட்டிலேயே செய்துகாட்டியது. 1974–75 பருவத்தில், அவர் பயிற்றுவித்த கடைசி வருடத்தில், ரோலண்ட் தார்ப், ரோனால்ட் கல்லிமோர் என்ற இரண்டு கல்வி உளவியலாளர்கள் யுசிஎல்ஏ அணியின் பயிற்சிகளில் உட்கார்ந்து அவர் செய்த ஒவ்வொன்றையும் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு, என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்கிற தகவல். வெறும் பாராட்டு 7 சதவீதத்துக்கும் குறைவு, வெறும் திட்டும் அப்படியே. தவறைக் கண்டால் சரியான முறையைச் செய்து காட்டுவார், பிறகு அந்தப் பையன் செய்த தவறைச் செய்து காட்டுவார், மறுபடி சரியானதையே செய்து காட்டி முடிப்பார். எல்லாம் சில நொடிகளுக்குள். அந்த ஆண்டும் அவர் அணிதான் தேசிய சாம்பியன், பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாவது முறையாக.

நானும் துண்டுகளை அப்படியே அடுக்குகிறேன். சரியாகச் செய்தது, தவறாகச் செய்தது, மறுபடி சரியாகச் செய்தது. முடிந்தவரை மூன்றிலும் இருப்பது அதே பெண்ணாக இருக்க வேண்டும். அவளே அதைச் சரியாகச் செய்திருக்கிறாள் என்பதற்குத் திரையில் சாட்சி இருக்கும்போது "என்னால முடியாது சார்" என்ற பேச்சு எழாது. பீட்டர் டௌரிக் என்ற உளவியலாளர் இதையே இன்னும் தூரம் கொண்டுபோனார். ஒருவர் நன்றாகச் செய்த தருணங்களை மட்டும் வெட்டிச் சேர்த்து அவருக்கே திரும்பத் திரும்பக் காட்டுகிற முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆட்டம் சரியாக அமையாமல் துவண்டுபோன பெண்ணுக்கு அப்படி ஒரு நிமிடத் துண்டு செய்து கொடுப்பதுண்டு. தவறுகள் எதுவும் அதில் இருக்காது. போட்டிக்கு முந்தின இரவு பார்த்துக்கொள்ளட்டும்.

எதை எல்லோர் முன்னாலும் காட்டுவது, எதைத் தனியாகக் காட்டுவது என்பதும் யோசிக்க வேண்டியது. இடம் தவறி நின்றது, யாரைப் பிடிப்பது என்று குழம்பியது, இதெல்லாம் அணியின் பாடம், எல்லோரும் பார்க்கலாம். ஓடாமல் நடந்து வந்தது, பந்தைத் தொலைத்துவிட்டுக் கையை உதறி நின்றது, தோழியைப் பார்த்து முறைத்தது, இவற்றை அந்தப் பெண்ணிடம் மட்டும் காட்ட வேண்டும். அதுவும் கேள்வியாக: "அன்னைக்கு உடம்பு சரியில்லையாம்மா?" பதினாலு வயதுப் பெண் தோழிகள் முன்னால் தன்னைத் திரையில் பார்த்து அவமானப்பட்டால் பாடம் மறந்துபோகும், அவமானம் மறக்காது. தோற்ற அன்றே வீடியோ போடுவதும் வேண்டாம். ஒரு இரவு தூங்கி எழட்டும்.

ரிமோட்டைப் பிள்ளைகளிடம் கொடுப்பது எனக்குப் பிடித்த முறை. பாயின்ட் கார்டு ஓட்டட்டும், அவள் நிறுத்தட்டும், அவள் சொல்லட்டும். "இங்க ஸ்கிரீன் வருதுன்னு நீ சொல்லியிருந்தா நான் ஸ்விட்ச் பண்ணியிருப்பேன்" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்கிற வாக்கியத்துக்கு என் பத்து வாக்கியங்களைவிட வலு அதிகம். அப்படிப் பேச்சு வரும்போது நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பேச்சு என்றதும் ஒன்று. கோர்ட் ஓரத்தில் ஒரு போனை வைத்து ஒலியை மட்டுமாவது பதிவு செய்துவிடுங்கள். டிபன்ஸ் துண்டு ஒன்றைத் திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் ஓட்டுங்கள். ஷூ தேயும் சத்தம், பந்து தரையில் படும் சத்தம், கேலரியின் கூச்சல், பெஞ்சிலிருந்து என் குரல். ஐந்து பேரில் ஒருத்தியும் வாய் திறந்திருக்க மாட்டாள். "ஹெல்ப் இருக்கு", "ஸ்கிரீன் லெஃப்ட்", "பால், பால்" எதுவும் கேட்காது. பேசுங்கள் பேசுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லி வராத பலன், அந்த ஒரு நிமிட மௌனத்தைக் கேட்டதும் வந்தது.

மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கற்பதில் ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் போனில் பார்ப்பதெல்லாம் என்பிஏ. ஆட்டத்தின் அழகுக்கு அதைப் பார்க்கட்டும். ஆனால் ஹெல்ப் டிபன்ஸைக் கற்றுக்கொடுக்க என்பிஏ துண்டுகளை நான் காட்டுவதில்லை. அங்கே தடுப்பவர் யாரையும் நெருங்கிப் பிடிக்காமல் பெயின்ட்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நின்றால் அது தவறு. நாம் ஆடும் ஃபிபா விதியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவர்களுடைய மூன்று பாயின்ட் கோடு 7.24 மீட்டர், நமக்கு 6.75. இடைவெளியே வேறு. ஃபிபாவில் ரிங்கைத் தொட்ட பந்தைத் தடுப்பவர் தட்டிவிடலாம், என்பிஏவில் கூடாது. யூரோலீக் ஆட்டங்களையும் ஃபிபா மகளிர் போட்டிகளையும் காட்டினால் விதியும் ஒத்துவரும், உடல்வாகும் நம் பிள்ளைகளுக்கு எட்டாத உயரமாகத் தெரியாது. அதையும்விட, போன வருடம் பள்ளியை விட்டுப் போன சீனியர் அக்காக்களின் துண்டுகளுக்கு மதிப்பு அதிகம். அதே கோர்ட், அதே ஜெர்சி.

என்பிஏவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995-ல் மியாமி ஹீட் அணியில் சேர்ந்தது வீடியோ அறையில் டேப்புகளை வெட்டி ஒட்டும் வேலைக்கு. 2008-ல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார், 2012, 2013 இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்றார். 2020-ல் லேக்கர்ஸ் அணியோடு பட்டம் வென்ற ஃபிராங்க் வோகலும் வீடியோ வேலையில் தொடங்கியவர்தான். நம் ஊர்களில் உதவிப் பயிற்சியாளராக வருகிற இளைஞர்களுக்கு இதைச் சொல்வேன். பந்து பொறுக்கிப் போடுவதைவிட, ஆட்டங்களை வெட்டி அடுக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

திரையில் பார்த்தது காலுக்கு இறங்க வேண்டும். இதற்கு நான் கண்ட ஒரே வழி, வீடியோ முடிந்த உடனே கோர்ட்டுக்குப் போவது. வீடியோவில் நின்ற அதே இடங்களில் அந்த ஐந்து பேரையும் நிறுத்தி, முதலில் நடந்து, பிறகு பாதி வேகத்தில், பிறகு முழு வேகத்தில், எதிர்த்து ஆட ஆள் வைத்து. ஷாட் போகிறது, இரண்டு பேர் பின்னால் ஓட வேண்டும், மூன்று பேர் பாக்ஸ் அவுட்டுக்கு எதிராக உள்ளே போக வேண்டும். ஓடுகிற இருவரில் ஒருத்தி அரைக்கோட்டைத் தாண்டி முதுகைத் திருப்பாமல் நிற்க வேண்டும், மற்றவள் பந்தை மறிக்க வேண்டும். பார்த்தது ஒரு நாள், பழகுவது நான்கு நாள் கழித்து என்றால் எதுவும் மிஞ்சாது. பெற்றோர் காத்திருப்பதால் மாலையில் நேரம் இல்லையென்றால் வீடியோவைக் குறைத்து ஐந்து நிமிடமாக்குங்கள். கோர்ட் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

பிள்ளைகளின் படம் என்பதால் இன்னொன்றையும் முதலிலேயே செய்துவிட வேண்டும். பருவம் தொடங்கும்போதே பெற்றோரிடமும் பள்ளியிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எதற்காக எடுக்கிறோம், யாரிடம் இருக்கும், எப்போது அழிப்போம் என்று சொல்லுங்கள். தவறு செய்த துண்டு எதுவும் அணியைத் தாண்டி வெளியே போகக் கூடாது, ரீல்ஸாக ஆகக் கூடாது. ஒரு பெண் விழுந்த காட்சி ஊர் முழுக்கச் சுற்றிவிட்டால் அவள் மட்டுமல்ல, அவள் தங்கையும் கோர்ட்டுக்கு வரமாட்டாள்.

லீக் போட்டிகளில் காலையில் ஓர் ஆட்டம், மாலையில் இன்னொன்று என்று வரும்போது இவ்வளவுக்கும் நேரம் இருக்காது. அப்போது நம் வீடியோவை ஒதுக்கி வைத்துவிட்டு எதிரணியின் ஆட்டத்தை ஒரு குவார்ட்டர் மட்டும் எடுத்துவந்து பாருங்கள். மூன்றே கேள்விகள். பந்தை முன்னால் கொண்டுவருவது யார், அவளுக்கு இடது கை வருமா? கூடை தேவைப்படும்போது பந்து யாரிடம் போகிறது? ஷாட் எடுத்ததும் அவர்களில் எத்தனை பேர் பின்னால் ஓடுகிறார்கள்? விடையை மூன்று வரியில் சொல்லி, வார்ம் அப்புக்கு முன் கோர்ட் ஓரத்தில் நடந்து காட்டிவிட்டால் போதும். அதற்கு மேல் சொன்னால் ஆடும்போது யோசித்துக்கொண்டே நிற்பார்கள்.